நடுக்குவாதமும் நாள்தோறும் வாழ்க்கையும்

(நமது அறப்பணி வாரியத்தின் ஆண்டு விழாவையொட்டி, கோயில் மண்டபத்தில் நடைபெற்ற முதியோர் நல்வாழ்வு நிகழ்ச்சியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

முதலில் ஒரு வேண்டுகோள். நான் அமர்ந்தபடியே பேச அனுமதி கொடுங்கள். சற்று முன்பு நான் மேடையை நோக்கி நடந்து வந்தபோது, படிக்கு அருகில் என் கால்கள் நின்றுவிட்டன. அதைக் கண்டு உங்களில் மூவர் எழுந்து என் கையைப் பிடிக்க வந்தீர்கள். அந்த அன்பிற்கு நன்றி. ஆயினும் நான் கையசைத்து உங்களை நிறுத்திவிட்டேன். அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏன் நிறுத்தினேன் என்பதைச் சொல்வதுதான் இன்றைய என் பேச்சு.

நான் 34 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவன். 2011-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற பிறகு, நம் கோயில் முகப்பில் அமர்ந்து அர்ச்சனைச் சீட்டும் நன்கொடை ரசீதும் எழுதிக் கொடுத்து வந்தேன். இங்கே அமர்ந்திருக்கும் நன்கொடையாளர்கள் பலர் என் கையெழுத்தில் ரசீது வாங்கியிருப்பீர்கள்.

2013-இல் ஒருநாள் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தைக் கொண்டுவந்து, "வாத்தியாரே, எழுத்து எறும்பு ஊர்ந்தது போல இருக்கிறதே! கணக்காய்வாளருக்கு பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். புரட்டிப் பார்த்தால், ஒவ்வொரு ரசீதிலும் முதல் சொல் பெரிதாகவும் கடைசிச் சொல் பொடியாகவும் இருந்தது. எழுத்து குறுகியிருக்கிறது என்று எத்தனையோ மாணவர்களைத் திருப்பி எழுத வைத்தவன் நான்! முயன்று பார்த்தும் பெரிதாக எழுத முடியவில்லை.

வேறு அறிகுறிகளும் இருந்தன. எனக்குத்தான் தெரியவில்லை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே சாம்பிராணி மணம் எனக்குக் குறைந்துவிட்டது. ஊதுவத்திக்காரன் ஏமாற்றுகிறான் என்று நினைத்தேன். நடக்கும்போது வலது கை வீசாமல் உடலோடு ஒட்டிக்கொண்டது. வலது தோள் வலித்தது. ஒரு மருந்தகத்தில் அதைத் தோள்வலி என்றே சொல்லி, ஏறத்தாழ ஓராண்டு தைலமும் மாத்திரையும் கொடுத்தார்கள். 2014-இல்தான் நரம்பியல் நிபுணர் ஒருவர் என்னை நடக்கச் சொல்லி, விரல்களைத் தட்டச் சொல்லி, ஒரு பக்கம் எழுதச் சொல்லிப் பார்த்துவிட்டு, இது பார்க்கின்சன் நோய் என்றார். தமிழில் நடுக்குவாதம் என்கிறோம்.

நான் செய்த பெரிய தவறு இனிமேல்தான் வருகிறது. என் துணைவியாரைத் தவிர வேறு யாருக்கும் அதைச் சொல்லவில்லை. கோயில் பணிக்கு ஏதோ சாக்குச் சொல்லி நின்றுவிட்டேன். உறவினர் திருமணம் ஒன்றில் நான் தடுமாறி நடந்தபோது, எனக்குப் பின்னால் ஒருவர், "இந்த வயதில் குடித்துவிட்டு வர வேண்டுமா?" என்றார். அது என் காதிலும் விழுந்தது, என் துணைவியார் காதிலும் விழுந்தது. அன்றிலிருந்து வெளியே போவதையே நிறுத்திவிட்டேன். கோயிலுக்கு அடுத்த தெருவில் குடியிருந்துகொண்டு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சுவாமி தரிசனம் செய்யாமல் இருந்தவன் நான்.

ஏறிய படியும் தாண்டாத வாசலும்

2016-இல் என் தம்பி மகன் விடாப்பிடியாக என்னைப் பத்துமலைக்கு அழைத்துச் சென்றான். கூட்டமில்லாத ஒரு காலைப் பொழுது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு 272 படிகளையும் ஏறிவிட்டேன். இறங்குவதுதான் சிரமமாக இருந்தது. அவன் எனக்கு முன்னே ஒரு படி கீழே நின்றபடி இறக்கிவிட்டான். முருகன் கைவிடவில்லை என்று மனம் நிறைந்து வீடு திரும்பினேன்.

வீட்டு வாசலில் கால் நின்றுவிட்டது. பசை போட்டு ஒட்டியது போல இரண்டு பாதமும் தரையை விட்டு எழவில்லை. உள்ளே இருந்து பார்த்த என் துணைவியார், "மலை ஏறத் தெரிகிறது, வீட்டு வாசலைத் தாண்டத் தெரியவில்லையா? என்னங்க நாடகம் இது?" என்றார். அவர் கடுமையானவர் அல்லர். இரண்டு ஆண்டுகளாக இரவும் பகலும் என்னைப் பார்த்துக் களைத்துப்போனவர். அவருக்குச் சொல்ல என்னிடம் பதிலில்லை. உண்மையில் எனக்கே என்மீது ஐயம் வந்துவிட்டது. நான் சோம்பேறியாகிவிட்டேனா?

அடுத்த மாதம் இயன்மருத்துவரிடம் இதைக் கேட்டோம். அவர் வியப்படையவே இல்லை. "படிகள் ஒவ்வொன்றும் உங்கள் கண்ணுக்கு முன்னால் ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்த்து நீங்கள் நினைத்துக் காலை வைக்கிறீர்கள். வீட்டு வாசலில் நினைக்காமல் நடக்கப் பார்க்கிறீர்கள். நினைக்காமல் நடப்பதுதான் உங்களிடமிருந்து போய்விட்டது" என்றார். அருகில் இருந்த என் துணைவியார் அழுதுவிட்டார். எனக்கோ, இத்தனை நாள் சுமந்த பழி இறங்கியது போல இருந்தது.

அன்பர்களே, என் பேச்சில் ஒன்றே ஒன்றை வீட்டுக்கு எடுத்துச் செல்வதானால் இதை எடுத்துச் செல்லுங்கள். இந்த நோயில் கையும் காலும் போய்விடவில்லை. தானாக நடப்பது போய்விட்டது. நீங்கள் நினைக்காமல் செய்யும் ஒவ்வொன்றையும் நாங்கள் நினைத்து நினைத்துச் செய்கிறோம். அதற்கு நேரம் வேண்டும்.

நோய் என்ன செய்கிறது?

1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. அவர் பிறந்த ஏப்ரல் 11-ஆம் நாளை உலகப் பார்க்கின்சன் நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். நம் மூளையின் நடுவே கருமை நிறமான ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள உயிரணுக்கள் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. பழகிய அசைவுகள் தடையின்றி நடக்க அது வேண்டும். அந்த உயிரணுக்கள் சிறிது சிறிதாக அழிந்து, டோபமின் குறையும்போது உடல் இறுகுகிறது, அசைவு மெதுவாகிறது, பலருக்குக் கை நடுங்குகிறது. எல்லாருக்கும் நடுக்கம் இருப்பதில்லை. நடுக்கமும் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போதுதான் மிகும்.

இது தொற்றுநோய் அன்று. பில்லி சூனியமும் அன்று, முன்வினையின் தண்டனையும் அன்று. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் விழாவில் குத்துச்சண்டை வீரர் முகமது அலி நடுங்கும் கையோடு சுடரேற்றியதைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். உலகமே பார்க்க அவர் நின்றார். அடுத்த தெருக் கோயிலுக்கு வர நான் வெட்கப்பட்டேன். அதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் அசைவை மீட்டுக் கொடுக்கும் மருந்துகள் உண்டு. லெவோடோபா அவற்றில் முதன்மையானது. அதைப் பற்றி மூன்று செய்திகள். ஒன்று, மணி தவறக்கூடாது. நான் காலை 7, 11, மாலை 3, இரவு 7 என நான்கு வேளை உட்கொள்கிறேன். கைப்பேசி மணி அடித்து நினைவூட்டும். இரண்டு, பருப்பு, பால், தயிர் போன்ற புரத உணவோடு சேர்த்து விழுங்கினால் பலருக்கு மருந்து சரியாக ஏறுவதில்லை. ஆகவே பசியாறுவதற்கு அரை மணி நேரம் முன்பே விழுங்கிவிடுவேன். மூன்று, விரத நாளென்று மாத்திரையை நிறுத்தக்கூடாது. திடீரென நிறுத்தினால் ஆபத்து. விரதம் இருக்க விரும்புவோர் முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள். பூனைக்காலி விதையில் லெவோடோபா இயற்கையாகவே இருக்கிறது என்பது உண்மை. அதற்காகப் பொடியை வாங்கி மாத்திரையோடு சேர்த்து உண்டால் அளவு மீறிப் போகலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லாமல் செய்ய வேண்டாம்.

விடியல் முதல் இரவு வரை

இனி, என் ஒரு நாளைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் என்னைப் போல ஒருவர் இருந்தால் பயன்படும்.

படுக்கையில் புரள்வதே முதல் வேலை. பருத்தி விரிப்பு உடம்பைப் பிடித்துக்கொள்ளும். என் துணைவியார் தம் பழைய பட்டுப்புடவை ஒன்றை மடித்து, இடுப்பு படும் இடத்தில் குறுக்கே விரித்து, இரு ஓரங்களையும் மெத்தைக்கு அடியில் செருகிவிட்டார். இப்போது எளிதாக வழுக்கித் திரும்புகிறேன். முழங்காலை மடக்கி, ஒருக்களித்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையால் ஊன்றி எழுவேன். எழுந்தவுடன் நிற்கமாட்டேன். இந்த நோயில் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். ஒரு நிமிடம் விளிம்பில் அமர்ந்திருந்துவிட்டே எழுவேன்.

நாற்காலியிலிருந்து எழவும் ஒரு முறை உண்டு. விளிம்புக்கு நகர வேண்டும். பாதங்களை முழங்காலுக்குப் பின்னால் இழுக்க வேண்டும். மூக்கு கால்விரலுக்கு மேல் வரும் அளவு முன்னால் சாய்ந்து, கைப்பிடியை ஊன்றி எழ வேண்டும். அமுங்கும் சோபா எங்களுக்குப் பகை. கைப்பிடி வைத்த, உயரமான, கெட்டியான நாற்காலியே நண்பன்.

குளியலறையில்தான் நான் ஒருமுறை விழுந்தேன். அதன் பிறகு சுவரில் இரண்டு கைப்பிடிக் கம்பிகள், வழுக்காத விரிப்பு, ஒரு பிளாஸ்டிக் முக்காலி என்று ஏற்பாடு செய்தோம். அமர்ந்தபடி குளிக்கிறேன். துண்டு மாட்டும் கம்பியைப் பிடிக்காதீர்கள். அது ஆளைத் தாங்காது. சவரத்திற்கு மின்சார இயந்திரம் வைத்திருக்கிறேன்.

உடுத்தும்போது அமர்ந்துகொள்வேன். இறுகிய கையை முதலில் சட்டைக்குள் விட வேண்டும். கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் எடுக்க வேண்டும். இவ்வளவு எளிய செய்தியை எனக்குச் சொல்லித்தர ஒருவர் வர வேண்டியிருந்தது! சட்டைப் பொத்தான்களை வெளிப்பக்கம் அலங்காரமாகத் தைத்துவிட்டு, உள்ளே ஒட்டும் பட்டை வைத்துத் தைத்திருக்கிறார் என் துணைவியார். வேட்டியும் அப்படியே. பார்ப்பவர்களுக்குத் தெரியாது. இன்று உங்களுக்கு நானே காட்டிக்கொடுத்துவிட்டேன்.

உணவுக்குக் கனமான கரண்டியும், விளிம்பு உயர்ந்த தட்டும் வைத்துக்கொள்கிறேன். தேநீரைப் பாதிக் குவளைதான் ஊற்றச் சொல்வேன். முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய். வாயில் உணவு இருக்கும்போது யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. உணவோ நீரோ அடிக்கடி புரையேறினால் மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். மலச்சிக்கலும் இந்நோயின் உடன்பிறப்பு. தண்ணீரும் கீரையும் பழமும் அன்றாடம் வேண்டும்.

நடப்பதைப் பற்றி. வாசலிலும் நடைவழியிலும், காலடி அளவு இடைவெளி விட்டு, சிவப்பு ஒட்டுநாடாவைக் குறுக்குக் கோடுகளாக ஒட்டியிருக்கிறோம். கோட்டைத் தாண்டித் தாண்டி நடக்கிறேன். கோலம் போடும் வீட்டில் இது என்ன கோலம் என்று அண்டை வீட்டார் கேட்டார்கள். வெளியே கோடு இல்லாத இடத்தில் கால் ஒட்டிக்கொண்டால், முதலில் நின்றுவிட வேண்டும். மூச்சு விட வேண்டும். உடல் எடையை இடமும் வலமுமாக ஆட்ட வேண்டும். பிறகு "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணிப் பெரிய அடியாக எடுத்து வைக்க வேண்டும். சற்று முன்பு மேடையருகே நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் கையைப் பிடித்து இழுத்தால், உடல் முன்னே போகும், கால் பின்னே நிற்கும். விழுந்துவிடுவோம். உங்களை நிறுத்தியதற்குக் காரணம் அதுதான்.

திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலக் கூடாது. பிரகாரம் சுற்றுவது போல அகன்ற வளைவாக நடந்து திரும்ப வேண்டும். நடந்துகொண்டே பேசவும் கூடாது, இரண்டு கையிலும் பொருள் சுமக்கவும் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு வேலை.

குரலும் குறைந்துவிடும். எனக்கு நான் சத்தமாகப் பேசுவதாகத் தோன்றும், கேட்பவருக்குக் கிசுகிசுப்பாக இருக்கும். நாள்தோறும் மாலையில் தேவாரம் ஒரு பதிகத்தை வாய்விட்டு உரக்கப் பாடுகிறேன். இசை சரியில்லை என்பதை வீட்டார் பொறுத்துக்கொள்கிறார்கள்.

உடற்பயிற்சி மருந்துக்கு இணையானது என்றே சொல்வேன். காலை வேளைகளில் நம் ஊர்ப் பூங்காக்களில் சீன அன்பர்கள் தாய்ச்சி செய்வதைப் பார்த்திருப்பீர்கள். 2012-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பார்க்கின்சன் நோயாளிகள் வாரம் இருமுறை, 24 வாரங்கள் தாய்ச்சி பழகியதில், அவர்களது சமநிலை தேறியது, விழுவதும் குறைந்தது. நானும் அந்த வரிசையில் கடைசி ஆளாக நிற்கிறேன். "அங்கிள், மெதுவா, மெதுவா" என்று அந்த மூதாட்டி சொல்லும்போதெல்லாம் சிரிப்பு வரும். இதைவிட மெதுவாக எப்படிப் போவது?

இருபது எண்ணும் நேரம்

பெரியோர்களே, இப்போது சொல்லப்போவதைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினேன். என் துணைவியாரே சொல்லச் சொன்னார்.

சட்டையில் ஒட்டும் பட்டை தைப்பதற்கு முந்தைய காலம். ஒருநாள் மருத்துவமனைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் மூன்றாவது பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தேன். அவர் வந்து, "விடுங்க, நான் போடுறேன்" என்று என் கையை விலக்கினார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். ஓங்கித் தட்டிவிட்டேன். நாற்பது ஆண்டு இல்வாழ்க்கையில் அவர்மீது என் கை அப்படிப் பட்டதில்லை. அவர் ஒன்றும் பேசாமல் வெளியே போய் வண்டியில் அமர்ந்துகொண்டார். அன்று முழுவதும் நாங்கள் பேசவில்லை.

இரவில் அவர் சொன்னார்: "நான் செய்யாமல் இருந்தால் கல்நெஞ்சக்காரி என்கிறார்கள். செய்தால் நீங்கள் கோபிக்கிறீர்கள். நான் என்னதான் செய்வது?" நான் சொன்னேன்: "பொத்தானையும் நீ போட்டுவிட்டால், எனக்கென்று என்ன மிச்சம்?"

அன்று ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். நான் ஒரு வேலையில் சிக்கிக்கொண்டால், அவர் மனத்துக்குள் இருபது எண்ணுவார். அதற்குள் முடிந்தால் சரி. முடியாவிட்டால், "உதவட்டுமா?" என்று கேட்பார். நான் "சரி" என்றால்தான் கை வைப்பார். நானும் வேண்டுமென்றால் வீம்பு பிடிக்காமல் "சரி" என்று சொல்ல வேண்டும். பெரும்பாலான நாள்களில் இருபதுக்குள் முடிந்துவிடுகிறது.

இன்னொன்றும் சேர்த்துக்கொண்டோம். வாரத்தில் ஒரு பிற்பகல் அவருக்கு முழு ஓய்வு. என் தம்பி மகன் வந்து என்னோடு இருப்பான். அவர் தம் தங்கை வீட்டுக்கோ, கோயிலுக்கோ போய்வருவார். நோயாளியை எல்லாரும் நலம் விசாரிக்கிறீர்கள். பார்த்துக்கொள்பவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். "நீங்க எப்படிம்மா இருக்கீங்க?" என்ற ஒரு கேள்விக்கே அவர் கண் கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

என் விண்ணப்பம்

நான் மீண்டும் கோயிலுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை, திருநீறு வாங்கக் கை நீட்டியபோது கை நடுங்கியது. குருக்கள் அவசரப்படாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பின்னால் நீண்ட வரிசை. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நடுக்கம் அடங்கி, என் விரலாலேயே எடுத்து, என் நெற்றியில் நானே பூசிக்கொண்டேன். அன்று நீங்கள் எனக்குக் கொடுத்தது அரை நிமிடம். அதைவிடப் பெரிய நன்கொடையை நான் எந்த ரசீதிலும் எழுதியதில்லை.

வாரியத்தாருக்கு மூன்று விண்ணப்பங்கள். கால் அலம்பும் இடத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி வேண்டும். மண்டபத்தின் ஓரத்தில் கைப்பிடி வைத்த நாற்காலிகள் ஆறு வேண்டும். அன்னதானக் கூடத்தில், பந்தி நெருக்கடி இல்லாமல் மெதுவாக உண்ண ஒரு மேசை வேண்டும். இவை நடுக்குவாதக்காரர்களுக்கு மட்டுமல்ல, மூட்டுவலிக்காரர்களுக்கும், முதுமை வந்த எல்லாருக்கும் உதவும். பெரிய செலவும் இல்லை.

அன்பர்களே, உங்கள் வீட்டில் ஒருவருக்கு எழுத்து சிறுத்தால், கை வீசாமல் நடந்தால், முகம் சிரிப்பை மறந்தால், கோபக்காரர் என்றோ சோம்பேறி என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இந்நோயாளிகளுக்கென்றே சங்கங்கள் இயங்கி வருகின்றன. என்னைப் போல வீட்டுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டாம்.

இப்போது நான் எழுந்து என் இடத்திற்குத் திரும்பப் போகிறேன். ஒருவேளை மீண்டும் கால் நிற்கும். யாரும் எழ வேண்டாம். அமர்ந்தபடியே மனத்துக்குள் இருபது எண்ணுங்கள். நான் நடந்துவிடுவேன். முடியாவிட்டால் நானே உங்களை அழைப்பேன்.

எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நலம் அருள்வானாக.